கோயிலுக்கு முன்னாடி சந்தை

சியம் ரீப் போறவங்க எல்லாரும் தவறாம செய்யற காரியம் ஒண்ணு இருக்கு. விடியக்காலை நாலரைக்கு எழுந்து, கண்ணைக் கசக்கிக்கிட்டே டுக்டுக் ஏறி, அங்கோர் வாட் குளத்தங்கரையில நூத்துக்கணக்கான ஜனத்தோட முண்டியடிச்சு நின்னு, கோபுரத்துக்குப் பின்னாடி சூரியன் வர்றதை போட்டோ புடிக்கிறது. 2024 ஜனவரியில நாங்க போனப்போ அதையும் செஞ்சோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மறுநாள் காலைல ஆறு மணிக்கு ஒரு சந்தைக்குப் போனோம் பாருங்க, அதைப் பத்திதான் எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. கோயிலைப் பத்தி எழுத நம்ம ஆளுங்க நிறைய பேர் இருக்காங்க. சந்தையை யாரும் கண்டுக்கிறதில்லை.

தெருச் சாப்பாட்டுச் சுற்றுலான்னு ஒண்ணு அங்க நடத்தறாங்க. காலைல ஆறு மணிக்கு ஹோட்டல் வாசல்ல வந்து கூட்டிக்கிட்டுப் போயி, உள்ளூர் ஜனங்க காலைச் சாப்பாடு சாப்பிடற இடமாப் பார்த்துச் சாப்பிட வெச்சு, பதினோரு மணி வாக்குல கொண்டாந்து விட்டுடுவாங்க. "காசு குடுத்து ரோட்டுக்கடையில சாப்பிட ஒரு வழிகாட்டியா?"ன்னு தங்கமணி கேட்டாங்க. அவங்க சுத்த சைவம் வேற. மீன் சாஸ் இல்லாம தண்ணி கூட குடிக்காத ஊருல அவங்களுக்கு என்ன கிடைக்கும்னு எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான். நான் எல்லாத்தையும் உள்ள தள்ளற கட்சி. ஒருத்தர் சாப்பிட ஒருத்தர் வேடிக்கை பார்க்கறதா இருந்தாலும் பரவாயில்லைன்னு கிளம்பிட்டோம்.

வழிகாட்டியா வந்தது முப்பது, முப்பத்தஞ்சு வயசு மதிக்கத்தக்க பொண்ணு. வண்டியில ஏறி உக்காந்ததும் அது கேட்ட முதல் கேள்வி, "உங்க வயசு என்ன?" நாங்க ரெண்டு பேரும் ஙேன்னு முழிச்சோம். விஷயம் என்னன்னா, கெமர் மொழியில வயசு தெரியாம வாயைத் தொறக்க முடியாதாம். மூத்தவங்கன்னா போங். அண்ணன், அக்கா ரெண்டுக்கும் அதே சொல்தான். இளையவங்கன்னா ஓன். அம்மா வயசுல இருக்கற கடைக்காரம்மா மிங், பாட்டின்னா யேய். முன்னப்பின்ன தெரியாத காய்கறிக்காரம்மாவை அக்காங்கறதும் ஆட்டோக்காரரை அண்ணேங்கறதும் நமக்குப் பழக்கமாச்சே! தங்கமணிக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பொண்ணு ஓன்தான், நாங்க போங்தான். இங்கயும் அப்படியே சொல்லிட்டுப் போறேன். அது பேரு நமக்கு வேணாம்.

ஓன் இன்னொண்ணும் சொல்லிக் குடுத்துச்சு. அவங்க ஊர்ல ஒருத்தரைப் பார்த்தா நலம் விசாரிக்கறதே "ஞாம் பாய் ஹாய் நௌ?"ன்னுதான். பாய்னா சோறு. அதாவது, சோறு சாப்டாச்சா? இதைக் கேட்டதும் எனக்கு ஏதோ மதுரையில இறங்கின மாதிரி ஆயிருச்சு. சாப்பிடறதுக்கு மட்டும் அவங்க மொழியில ஏகப்பட்ட சொல்லு. ராஜா சாப்பிட்டா ஒண்ணு, பிக்கு சாப்பிட்டா ஒண்ணு, மரியாதையாச் சொன்னா பிசா, வீட்டுல சாதாரணமா ஞாம், கிராமத்துல ஹோப், மாடு நாயி தின்னா சீ. நாம உண்டோம், தின்னோம், அமுது செய்தார்னு ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்றதில்லையா, அதே கதை. இந்த 'ஹோப்'பைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க. பின்னாடி வருது.

போன இடம் ப்ஸார் லூ. ப்ஸார்னா சந்தை. பஸார்ங்கற பாரசீகச் சொல்லு மலாய்க்காரங்க வாய்ல பாசாராகி, இங்க ப்ஸார் ஆயிருக்கு. லூன்னா மேல். சுற்றுலாக்காரங்க போற பழைய சந்தை ஆத்தங்கரைப் பக்கம் இருக்கு. யானை பொம்மை, பட்டுத்துணி, அங்கோர் வாட் படம் போட்ட பனியன் எல்லாம் அங்கதான். ப்ஸார் லூ ஆறாம் நம்பர் நெடுஞ்சாலை மேல இருக்கற, ஊர்க்காரங்களோட சந்தை. உள்ள நுழைஞ்சதும் தரை பூரா ஈரம். நடக்கற சந்துக்குள்ளயே மோட்டார் சைக்கிள் வருது. வண்டியை விட்டு இறங்காமலே ஒரு காலை ஊணிக்கிட்டு, கீரையும் அரைக்கிலோ மீனும் வாங்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்காங்க. நாம ஒதுங்கலைன்னா பின்னாடி சக்கரம் நம்ம கெண்டைக்காலை மெதுவாத் தொடும். யாரும் ஹாரன் அடிக்கலைங்கறதுதான் ஆச்சரியம்.

விக்கறவங்க எல்லாரும் பொம்பளைங்க. எல்லாரும்னா எல்லாரும்தான். மேடை மேல காய்கறிக்கு நடுவுல சம்மணம் போட்டு உக்காந்து, பைஜாமா மாதிரி பூப்போட்ட உடுப்பு, இடுப்புல காசுப்பை. ஆம்பளைங்க ஐஸ் மூட்டை தூக்கறாங்க, இறைச்சி வெட்டறாங்க, அவ்வளவுதான். ஓன்கிட்ட கேட்டா, "ஆம்பளைங்க கையில கடையைக் குடுத்தா பேரம் பேசத் தெரியாம வித்துட்டு வந்துருவாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சுது. இதுல வேடிக்கை என்னன்னா, 1296-ல சீனாவுலேருந்து ஒரு தூதுக்குழு அங்கோருக்கு வந்துச்சு. அதுல ஜோ தாகுவான்னு ஒருத்தர், கிட்டத்தட்ட ஒரு வருஷம் தங்கி, பார்த்ததையெல்லாம் எழுதி வெச்சுட்டுப் போனாரு. இந்த ஊர்ல வியாபாரம் பொம்பளைங்க கையில, சந்தை காலைல தொடங்கி மதியத்துல முடிஞ்சிரும், கடைன்னு தனியாக் கட்டடம் இல்லை, தரையில பாயை விரிச்சு உக்காந்துக்குவாங்க, இடத்துக்கு அதிகாரிக்கு வாடகை உண்டுன்னு எழுதியிருக்காரு. பாயோன் கோயில் வெளிச் சுத்துச் சுவர்ல அதே சந்தை கல்லுல இருக்கு. அதையும் முந்தின நாள்தான் பார்த்திருந்தோம். மீன் விக்கற பொம்பளை, பக்கத்துல அடுப்பு மூட்டற ஆளு, எல்லாம் அச்சு அசலா அப்படியே. பிளாஸ்டிக் பை மட்டும்தான் புதுசு.

ஜோ தாகுவான் இன்னொண்ணும் எழுதியிருக்காரு. சின்னச் சின்ன வியாபாரத்துக்குக் காசு இல்லை, அரிசியும் தானியமும்தான் காசு, பெரிய வியாபாரம்னா தங்கம் வெள்ளின்னு. இதுக்கும் திரும்ப வரேன்.

மீன் பகுதி. அலுமினியத் தட்டுல விரால் துள்ளுது. ஒண்ணு தாவி என் செருப்பு மேலயே விழுந்துச்சு. கடைக்காரம்மா சட்டுனு புடிச்சு மறுபடி தட்டுல போட்டுட்டு என்னைப் பார்த்து முறைக்கறாங்க, என்னமோ நான்தான் கூப்பிட்ட மாதிரி. கெளுத்தி, விலாங்கு மாதிரி ஒண்ணு, விரல் நீளத்துக்கு வெள்ளி வெள்ளியா பொடிமீன். எல்லாம் தொன்லே சாப் ஏரியோட கொடை. இந்த ஏரி ஒரு அதிசயம். மழைக்காலத்துல மேகாங் ஆறு பெருகினா, ஏரியிலேருந்து மேகாங்குக்குப் போற ஆறு திசை மாறி ஏரிக்குள்ள பாயும். ஏரி அஞ்சாறு மடங்கு பெருசாகும். காடெல்லாம் தண்ணியில நிக்கும், மீன் அதுக்குள்ள பெருகும். மழை நின்னதும் ஆறு மறுபடி திரும்பி ஓடும். அப்போ அந்தப் பொடிமீனுங்க கூட்டம் கூட்டமா இறங்கறப்போ புடிக்கறாங்க. அந்த மீனுக்குப் பேரு ரியல். அவங்க ரூவாய்க்கும் ரியல்னுதான் பேரு!

அந்த மீனை உப்புப் போட்டு மாசக்கணக்குல ஊற வெச்ச சரக்குதான் ப்ரஹோக். சந்தையில சாம்பல் நிறத்துல மலை மலையாக் குவிச்சு வெச்சிருக்காங்க. பெரிய கடையாப் பார்த்து நின்னா ஏழெட்டு வகை. வாசனை... கருவாட்டுக் குழம்பு கொதிக்கற வீட்டுல வளர்ந்தவன் நான். எனக்கே ரெண்டு நிமிஷம் ஆச்சு பழக. தங்கமணி புடவைத் தலைப்பை மூக்குல வெச்சுக்கிட்டு நாலு கடை தள்ளி நின்னுட்டாங்க. மீன் கிடைக்கற ரெண்டு மாசத்துல போட்டு வெச்சா ஏழைக்கு வருஷம் பூரா சோத்துக்குத் துணை அதுதான். இப்போ மேகாங்குல மேலே கட்டின அணைங்க, சரியாப் பெய்யாத மழை, கணக்கில்லாம வலை போடறதுன்னு எல்லாம் சேர்ந்து மீன் குறைஞ்சுக்கிட்டே வருது. "எங்கம்மா சின்ன வயசுல பார்த்த மீன் அளவும் நான் பார்க்கற மீன் அளவும் வேற"ன்னு ஓன் கையை விரிச்சுக் காட்டுச்சு.

நாலு கடை தள்ளி நின்ன தங்கமணிக்கு அங்கேயே அதிர்ஷ்டம். க்ரோங் விக்கற அம்மா. எலுமிச்சம்புல், சித்தரத்தை குடும்பத்துல ஒரு கிழங்கு, மஞ்சள், பூண்டு, அந்த ஊர் நாரத்தை இலை எல்லாத்தையும் மெல்லிசாச் சீவி இடிச்ச விழுது. பச்சையும் மஞ்சளும் செவப்புமா கோபுரம் கோபுரமா அடுக்கியிருக்கு. அம்மியில் அரைச்ச மசாலா நம்மூர்ல சந்தையில கிலோக் கணக்குல கிடைச்சா எப்படி இருக்கும்! அந்த வாசனை ப்ரஹோக்கை அப்படியே அமுக்கிடுச்சு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். முதல் கடை பாய் சாச் ச்ரூக். சோறும் கரியில வாட்டின பன்னி இறைச்சியும். பூண்டு, பனஞ்சர்க்கரை, தேங்காப்பால்ல ஊற வெச்சு மெதுவா வாட்டறாங்க. கூட வெள்ளரி, முள்ளங்கி ஊறுகா, ஒரு சின்னக் கிண்ணம் சூப். ஒன்பது மணிக்கு மேல போனா சட்டி காலி. அருமைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு நகர்றேன், அதைப் பத்தி யூட்யூப் பூரா கிடக்கு. கூய் தியூங்கற நூடுல்ஸ் சூப்பும் அப்படித்தான், சீனாக்காரங்க கொண்டாந்தது, நல்லாயிருந்துச்சு.

என்னை மடக்கிப் போட்டது மூணாவது கடை. தூரத்துலேருந்தே தங்கமணி, "ஏங்க, அங்க பாருங்க... பணியாரம்!"ன்னு கத்திட்டாங்க. பணியாரக் கல்லேதான்! குழி குழியா. அரிசிமாவுல தேங்காப்பால் விட்டுக் கரைச்சு, வெங்காயத்தாள் தூவி, குழியில ஊத்தி மூடி வெக்கறாங்க. வெந்ததும் திருப்பிப் போடறது இல்லை. ரெண்டு அரைப் பணியாரத்தை எடுத்து ஒண்ணா ஒட்டி முழு உருண்டை ஆக்கிடறாங்க. பேரு நும் க்ரோக். வெளியே முறுகல், உள்ளே பாதி வெந்த தேங்காப்பால். தொட்டுக்க மீன் சாஸ் கலந்த இனிப்புத் தண்ணி. ஓன் முன்னாடியே போய், கல்லுல தடவறது எண்ணெயா பன்னிக் கொழுப்பான்னு கேட்டுட்டு வந்து, "எண்ணெய்தான், போங் சாப்பிடலாம்"னு தலையாட்டுச்சு. தங்கமணிக்கு அதுவரைக்கும் இருந்த ஏக்கமெல்லாம் போச்சு. பத்து உருண்டை. சாஸ் வேணாம்னு சைகை காட்டவும் கடைக்காரம்மா பாவப்பட்டு, கொஞ்சம் உப்பும் பச்சை மிளகாயும் நசுக்கித் தனியாக் குடுத்தாங்க. காசு குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்த வழிகாட்டி எதுக்குன்னு கேட்டதுக்கு விடை இதுதான். அந்த எண்ணெய் கேள்வியை நாம எந்த சைகையில கேட்கறது? :-)

பணியாரத்தோட நின்னிருந்தா இது சாதாரணச் சாப்பாட்டுப் பதிவாப் போயிருக்கும்.

அடுத்த சந்துல கஞ்சிக்கடை. பெரிய அண்டா, ஆவி பறக்குது. போர்போர்னு சொல்றாங்க. ரத்தம், குடல் எல்லாம் போட்டது ஒரு அண்டா, வெறும் வெள்ளைக் கஞ்சி ஒரு அண்டா. வெள்ளைக் கஞ்சிக்கு உப்பு முள்ளங்கி, உப்பு முட்டை, கருவாடு. ஓன் கையைக் காட்டி, "இது போர்போர்"னு சொல்லிட்டு நிக்காமப் போகுது. தங்கமணி விடலை. "வெறும் அரிசிக் கஞ்சிதானே, அதுதானே எனக்கு ஒத்துக்கும்"னு குட்டி ஸ்டூலைப் போட்டு உக்காந்துட்டாங்க. ஓன் ஒரு கிண்ணம் வாங்கிக் குடுத்துச்சு. உப்பு முள்ளங்கி மட்டும் ஓரமா. ஆனா அது உக்காரலை. மத்த கடையில எல்லாம் எங்களோட சேர்ந்து ரெண்டு வாய் சாப்பிட்ட பொண்ணு. "நீயும் உக்காரும்மா"ன்னு தங்கமணி ரெண்டு தடவை கூப்பிட்டாங்க.

"எங்க வீட்டுல யாரும் போர்போர் சாப்பிட மாட்டோம் போங்"னுச்சு.

ஏன்னு கேட்டிருக்க வேண்டியதில்லை, கேட்டுட்டோம். 1975 ஏப்ரல் 17-ம் தேதி கெமர் ரூஜ் ஆட்சியைப் புடிச்சப்போ அவங்க அம்மாவுக்குப் பன்னெண்டு வயசு. ஊர் ஊரா ஜனங்களைக் காலி பண்ணி வயக்காட்டுக்கு ஓட்டிட்டாங்க. சந்தையை மூடிட்டாங்க. காசுன்னு ஒண்ணே கிடையாதுன்னுட்டாங்க. நாட்டோட தேசிய வங்கிக் கட்டடத்தையே வெடி வெச்சுத் தகர்த்தாங்க. புதுசா நோட்டு அச்சடிச்சும் புழக்கத்துக்கு விடலை. அப்புறம் வீட்டுல சமைக்கறதே குத்தம்னு ஆச்சு. சட்டி பானையெல்லாம் வாங்கிக்கிட்டு, எல்லாரும் பொதுச் சாப்பாட்டுக் கொட்டகையில வரிசையில நின்னு வாங்கிக் குடிக்கணும். குடிக்கறது என்ன? போர்போர். வேலி ஓரம் ஒரு பழத்தைப் பறிச்சுத் தின்னா அது 'அங்கார்' சொத்தைத் திருடினதுன்னு தண்டனை. அங்கார்னா அமைப்பு. ஆட்சிக்காரங்க தங்களை அப்படித்தான் சொல்லிக்கிட்டாங்க. ராஜாவுக்கு ஒரு சொல், பிக்குவுக்கு ஒரு சொல்லுன்னு சொன்னேனே, அதையெல்லாம் தடை பண்ணி எல்லாருக்கும் 'ஹோப்' ஒண்ணுதான்னு ஆக்கினாங்களாம். சொல்லுல சமத்துவம். அண்டாவுல தண்ணி.

"எங்கம்மா அதைக் கஞ்சின்னே சொல்ல மாட்டாங்க. வெந்நீர்ல அரிசி நீந்தும்பாங்க. எனக்குக் காய்ச்சல் வந்தாக்கூட சோறுதான் வடிச்சுப் போடுவாங்க. ஸ்கூல் படிக்கறப்போ சிநேகிதி வீட்டுல முதல் முறையா போர்போர் சாப்பிட்டுட்டு வந்து வீட்டுல சொன்னேன். அன்னிக்குப் பூரா அம்மா பேசலை."

அந்த ஆட்சி எவ்வளவு காலம் இருந்துச்சுன்னு கேட்டா அந்த ஊர்ல யாரும் 'நாலு வருஷம்'னு முழுசாச் சொல்றதில்லை. மூணு வருஷம், எட்டு மாசம், இருவது நாளுன்னு நாள் கணக்காத்தான் சொல்றாங்க. ஓனும் அப்படித்தான் சொல்லிச்சு. பிறக்கறதுக்குப் பத்து வருஷம் முன்னாடி முடிஞ்சுபோன விஷயத்தை. பசியிலயும் நோயிலயும் கொலையிலயும் செத்தவங்க பதினஞ்சு லட்சத்துலேருந்து இருவது லட்சம் வரைக்கும்னு கணக்கு. நாட்டுல நாலுல ஒருத்தர். ஓனோட தாத்தா, ரெண்டு மாமா அதுல.

தங்கமணி கையில கிண்ணம். வெக்கவும் முடியலை, சாப்பிடவும் முடியலை. கஞ்சிக்கடை மிங் அங்கேயிருந்து எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாங்க, நல்லா இல்லையான்னு போல. ஓன்தான், "சாப்டுங்க போங். சோத்தை மிச்சம் வெச்சா எங்கம்மா அதுக்கும் திட்டுவாங்க"ன்னுச்சு. தங்கமணி ஒரு பருக்கை விடாமச் சாப்பிட்டு முடிச்சாங்க. நான் பக்கத்துக் கடை வெத்தலைக்கட்டை எண்ணிக்கிட்டிருந்தேன்.

அப்புறம் காபிக்கடை. கெட்டிப்பால் ஊத்தின ஐஸ் காபி. நல்ல டிகாக்‌ஷன், கசப்பு தூக்கல். கடைக்காரர் காலி பால் டின்னை அடுக்கி வெச்சிருந்தார். ஓன் அதுல ஒண்ணை எடுத்து மேசை மேல வெச்சு, "எங்க பாட்டியோட காசு இது"ன்னுச்சு.

1979 ஜனவரி 7-ம் தேதி வியட்நாம் படை புனோம் பென்னுக்குள்ள நுழைஞ்சு அந்த ஆட்சி போனதும், ஜனங்க அவங்கவங்க ஊருக்கு நடந்து திரும்பினாங்க. நாட்டுல காசே இல்லை. ரியல் நோட்டு திரும்ப வந்தது 1980 மார்ச்சுலதான். நடுவுல ஒரு வருஷத்துக்கு மேல? அரிசிதான் காசு. அளக்கறது இந்தக் கெட்டிப்பால் டின்னு. கெமர் ரூஜ் காலத்துல இத்தனை பேருக்கு ஒரு டின் அரிசின்னு ரேஷன் அளந்ததும் இதாலதான். தங்கம் வெச்சிருந்தவங்க தங்கத்தைக் குடுத்தாங்க. சின்ன வியாபாரத்துக்கு அரிசி, பெருசுக்குத் தங்கம். ஜோ தாகுவான் எழுதினாரே, அதே! எழுநூறு வருஷம் முன்னாடி எங்க இருந்தாங்களோ அங்கேயே கொண்டு போய் நிறுத்திட்டாங்க ஜனங்களை. ஆனா நிறுத்தின இடத்துலேருந்து மறுபடி பாயை விரிச்சு உக்காந்ததும் இதே பொம்பளைங்கதான். ஓனோட பாட்டி ரோட்டோரம் நும் பான்ச்சோக் போட்டு வித்தாங்களாம். ஒரு டின் அரிசி குடுத்தா ரெண்டு கிண்ணம். வாங்கின அரிசியில மறுநாளைக்கு மாவு, மிச்சம் வீட்டுக்கு. முதலும் லாபமும் ஒரே மூட்டை. அம்மா இன்னிக்கும் வீட்டுல அரிசி அளக்கறது பால் டின்னாலதானாம். கண்ணாடி டம்ளர் வாங்கிக் குடுத்தா அதுல பூ வெச்சுடறாங்களாம்.

இதையெல்லாம் ஓன் எல்லாருக்கும் சொல்றதில்லை. 'கண்ணீர்க் கதை'யை டிக்கெட்டோட சேர்த்து விக்கறதுல அதுக்கு இஷ்டம் இல்லைன்னு தெளிவாச் சொல்லிச்சு. சாப்பாட்டுச் சுற்றுலான்னா சாப்பாடுதான், யாராவது போர்போர்க் கடையில உக்காந்தாத்தான் வம்பு, அதுவும் எப்பவாவதுதானாம். அது சரின்னுதான் எனக்கும் படுது. வேற சில வழிகாட்டிங்க வறுத்த சிலந்தி, வெட்டுக்கிளித் தட்டு முன்னாடி ஆளுங்களை நிறுத்தி வாயைப் பொளக்க வெச்சு வீடியோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. சிலந்திக்குப் பேர் போன ஊர் ஸ்கூன், இங்கேயிருந்து தூரம். பஞ்சத்துல சாப்பிடப் பழகினதுன்னு ஒரு பேச்சு, அதுக்கு முன்னாடியே உண்டுன்னு ஒரு பேச்சு. ப்ஸார் லூவுல காலைல ஏழு மணிக்குப் பசியோட வர்ற ஜனம் அந்தத் தட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலைங்கறதை மட்டும் நான் பார்த்தேன்.

எட்டரைக்குச் சந்தையை விட்டுக் கிளம்பி ப்ரெயா டாக்ங்கற கிராமத்துக்கு. அங்கோர் கோயில்களைத் தாண்டி, பந்தெய் ஸ்ரீ போற வழியில இருக்கு. ரோட்டு ரெண்டு பக்கமும் வயல், வயலுக்கு நடுவுல... பனைமரம்! சும்மா ஒண்ணு ரெண்டு இல்லை. திருச்செந்தூர்ப் பக்கம் போற மாதிரியே இருக்கு. பனை அவங்களுக்குத் தேசிய மரம், நமக்கு மாநில மரம். பேரு த்னோட். ரோட்டோரம் வரிசையாப் பாகு காய்ச்சற அடுப்பு. பனஞ்சர்க்கரைக்கு ஸ்கோர் த்னோட்டுன்னு பேரு. ஸ்கோர்ங்கறதும் நம்ம சர்க்கரையும் ஒரே வடமொழிக் கொடியில காய்ச்சதுதான்.

அங்க நான் ஒரு அரைமணி நேரம் நகரலை. ஏறுற விதம் வேற. நம்ம பனையேறி காலுக்குத் தளை போட்டு மரத்தைக் கட்டிப் புடிச்சு ஏறுவார். இவங்க கணு ஓரமாக் கிளையை விட்டு நறுக்கின மூங்கிலை மரத்தோட சேர்த்துக் கட்டி, அதையே ஏணியா வெச்சுக்கறாங்க. கலயத்துக்குப் பதில் மூங்கில் குழாய். பதநீர் புளிக்காம இருக்க நாம சுண்ணாம்பு தடவறோம், இவங்க குழாய்க்குள்ள ஏதோ மரத்துத் துண்டைப் போட்டு வெக்கறாங்க. காய்ச்சிக் கெட்டியானதும் இறக்கி, மரத்தடி வெச்சுச் சுத்திச் சுத்திக் கடையறாங்க, நிறம் தேன் மாதிரி வெளுக்குது. நாம சிரட்டையில ஊத்தினா கருப்பட்டி. அவங்க பனையோலையை வளையமாச் சுருட்டி வெச்சு அதுக்குள்ள ஊத்தறாங்க, வில்லை வில்லையா வருது. அதை அடுக்கி மறுபடி ஓலையிலயே சுத்திக் கட்டறாங்க. கருப்பட்டியை விட வாசனை மென்மை, புகை வாடை கம்மி. என் நாக்குக்கு உடன்குடிதான் ஒசத்தி. ஆனா இதைக் கையில வெச்சுக்கிட்டே திங்கலாம், அது ஒரு ஆபத்து.

கடைசிச் சாப்பாடு நும் பான்ச்சோக். பாட்டி டின் அரிசிக்கு வித்த அதே பலகாரம். ப்ரெயா டாக் அதுக்குப் பேர் போன ஊர். அரிசியை ஊற வெச்சு அரைச்சு, துணியில கட்டிக் கல்லை வெச்சு வடிய விட்டு, உருட்டி அரைவேக்காடா வேக வெச்சு, உரல்ல போட்டு இடிச்சுப் பிசைஞ்சு, அச்சுல வெச்சு நேரா கொதிக்கற தண்ணிக்குள்ள பிழியறாங்க. அப்புறம் பச்சைத் தண்ணியில அலசி, கையில சுருட்டிச் சுருட்டி வாழையிலை மேல அடுக்கறாங்க. கொங்குப் பக்கத்து ஆளுங்க இதைப் பார்த்தா 'சந்தகை'ன்னு ஓடி வந்துருவாங்க. மேல ஊத்தறது மீனை வேக வெச்சு உதிர்த்து, க்ரோங் போட்ட பச்சைக் குழம்பு. கூட வாழைப்பூச் சீவல், வெள்ளரி, காராமணிக்காய், அல்லித்தண்டு எல்லாம் பச்சையா, நம்ம இஷ்டத்துக்கு. காலைக்குன்னே பண்ணின சாப்பாடு. வயிறு நிறைஞ்சாலும் கனம் இல்லை.

இதுக்கு ஒரு நாட்டுப்புறக் கதையும் உண்டு. த்மெஞ் செய்ன்னு ஒரு கெட்டிக்காரன், நம்ம தெனாலிராமன் மாதிரி. சீனாவுக்குப் போய் அங்க இந்த நூடுல்ஸ் வித்தானாம். சீன ராஜா முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக்கூடாது. ராஜா நீளமான நூடுல்ஸை அண்ணாந்து சாப்பிட்டப்போ இவன் முகத்தைப் பார்த்துட்டான்னு கதை போகுது. ஓன் நடிச்சுக் காட்டிச்சு. காலைலேருந்து அது அவ்வளவு சிரிச்சு அப்போதான் பார்த்தேன்.

சாப்பிட்டுக்கிட்டே அதோட பொழப்பைப் பத்தியும் பேச்சு வந்துச்சு. 2020-ல கொரோனா வந்து சுற்றுலா படுத்ததும் ரெண்டு வருஷம் ஓனுக்கு வேலை இல்லை. ஹோட்டலெல்லாம் பூட்டு. அப்போ என்ன பண்ணினேன்னு கேட்டா, "அம்மாவோட சேர்ந்து நும் பான்ச்சோக்தான். பேஸ்புக்ல ஆர்டர் எடுத்து மோட்டார் சைக்கிள்ல கொண்டு போய்க் குடுத்தேன்"னுச்சு. "பாட்டிக்கு அரிசி, எனக்குப் போன்ல க்யூஆர்."

குழம்புல மீன். தங்கமணிக்கு ஆகாது. அவங்க சும்மா இருப்பாங்களா? ஓன் மூலமாக் கேட்டு, வெறும் நூடுல்ஸை வாங்கி, எதிர்க்கடையில வாங்கின பனஞ்சர்க்கரையைப் பொடிச்சுப் போட்டு, தேங்காப்பால் கொஞ்சம் ஊத்திப் பிசைஞ்சாங்க. சந்தகைக்குத் தேங்காப்பால் ஊத்தற கை, சும்மா விடுமா. கடைக்கார யேய் பார்த்த பார்வை இருக்கே! சாம்பார்ல ஐஸ்கிரீம் போட்டுச் சாப்பிடறவளைப் பார்க்கற மாதிரி. தங்கமணி ஒரு தேக்கரண்டி நீட்டினாங்க. யேய் வாங்கி, மென்னு, கொஞ்ச நேரம் யோசிச்சு ஏதோ சொன்னாங்க.

"என்ன சொல்றாங்க?"

"நல்லாத்தான் இருக்காம். ஆனா இது குழந்தைங்க சாப்பாடாம். பெரியவங்க காலைல இதைச் சாப்பிட்டா வேலைக்கு ஆகாதாம்."

பெட்டியில ஆறு ஓலைக்கட்டு சர்க்கரை ஏத்திக்கிட்டு வந்தோம். ரெண்டு கட்டு விமானத்துலேயே காலி. உங்க யாருக்காவது சியம் ரீப் போற எண்ணம் இருந்தா டிசம்பர்லேருந்து மார்ச்சுக்குள்ள போங்க, பதநீர் கிடைக்கும். விமான நிலையம் 2023 அக்டோபர்ல ஊரை விட்டு ரொம்பத் தள்ளிப் புதுசா மாறிடுச்சு. கார் சொல்லி வெச்சுக்குங்க. சந்தைக்குச் செருப்பு வேணாம், நல்ல பிடிப்புள்ள ஷூ போட்டுக்கிட்டுப் போங்க. விரால் தாவும். சில்லறை ரியலா கையில இருக்கட்டும், ஒரு டாலருக்கு நாலாயிரத்துச் சொச்சம். சைவக்காரங்க முதல் கேள்வியாவே கல்லுல என்ன தடவறாங்கன்னு கேட்க வையுங்க.

அங்கேயிருந்து பந்தெய் ஸ்ரீ பக்கம்தான். அந்தச் செவப்புக்கல் கோயிலுக்கு அன்னிக்கே போயிட்டோம். அதை அடுத்த பதிவுல எழுதறேன், படமெல்லாம் தேடி எடுக்கணும்.